சிஃப்னோஸ் தீவின் ஞாயிற்றுக்கிழமைக் கடலையை வீட்டில் சமைக்கும் முறை

கிரேக்க நாட்டைச் சேர்ந்த, ஏஜியன் கடலின் சிஃப்னோஸ் தீவில் ஞாயிற்றுக்கிழமை மதிய உணவு சனிக்கிழமை மாலையே அடுப்பேறிவிடும். ஸ்கெபஸ்தாரியா எனப்படும் மூடியிட்ட மண்சட்டியில் கொண்டைக்கடலையை நிரப்பி ஊரின் விறகு அடுப்பில் வைத்துவிட்டு வருவதும், இரவெல்லாம் வெந்த சட்டியை மறுநாள் தேவாலய வழிபாடு முடிந்ததும் வீட்டுக்கு எடுத்துச் செல்வதும் அங்குள்ள வழக்கம். இந்த உணவுக்கு ரெவித்தாதா என்று பெயர்.

ஒருகாலத்தில் தங்கமும் வெள்ளியும் தோண்டியெடுத்த தீவு இது. கி.மு. 525 வாக்கில் கிரேக்கர்களின் புனிதத் தலமான டெல்ஃபியில் தமக்கெனக் கருவூலமே கட்டிய இத்தீவினர், அத்தலத்தின் தெய்வமான அப்பல்லோவுக்குச் சுரங்க வருவாயில் செலுத்திவந்த பத்தில் ஒரு பங்கைப் பின்னாளில் பேராசையால் நிறுத்தியதாகவும், அதனால் கடல் புகுந்து சுரங்கங்களை மூழ்கடித்ததாகவும் பழங்கதை உண்டு. தங்கம் போயிற்று, களிமண்ணும் குயவர்களும் எஞ்சினர். கூரைமேல் நிற்கும் புகைபோக்கிகள்கூட அவர்கள் வனைந்தவையே.

அரைக் கிலோ வெள்ளைக் கொண்டைக்கடலையை 12 மணி நேரம் ஊறவைத்து வடித்துக்கொள்ளுங்கள். பெரிய வெங்காயம் மூன்றை வட்டமாக அரிந்து, கடலையோடு மாற்றி மாற்றிச் சட்டியில் அடுக்கி, பிரிஞ்சி இலை இரண்டு, மிளகு, உப்பு, 150 மில்லி ஆலிவ் எண்ணெய் ஆகியவற்றைச் சேருங்கள். நம் கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் மூன்று நரம்போடிய பிரிஞ்சி இலை பட்டை வாசம் வீசும்; கிரேக்கர்களுடையது வேறு மரத்தின் இலை என்பதால், நம்முடையதாயின் ஒன்றே போதும்.

தண்ணீரில்தான் சூட்சுமம் இருக்கிறது. தீவில் தொட்டியில் சேமித்த மழைநீரை ஊற்றுவார்கள். உப்புத்தண்ணீரில் உள்ள கால்சியம் கடலையின் தோலை இறுக்கிவிடுவதால், ஆழ்துளைக் கிணற்று நீரைத் தவிர்த்து, மழைநீரையோ வடிகட்டிய குடிநீரையோ கடலைக்கு மேல் இரண்டு விரல் உயரம் நிற்கும்படி ஊற்றுங்கள். புளிப்பும் அதே வேலையைச் செய்யும் என்பதால் தக்காளியையோ எலுமிச்சையையோ இப்போது சேர்க்க வேண்டாம்.

மூடியின் விளிம்பைக் கோதுமை மாவால் அடைத்து, சட்டி விரிசல் விடாதிருக்க, சூடேறாத ஓவனில் வைத்த பிறகே 150 டிகிரியில் இயக்கி, ஆறு மணி நேரம் விட்டுவிடுங்கள். பிரஷர் குக்கரில் அரை மணியில் வெந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் வெங்காயம் உருகிக் குழம்போடு கரைவதற்கு இந்த மெதுவான சூடு வேண்டும். ஒரு கடலையை எடுத்து நசுக்கினால் தோல் கிழியாமல் உள்ளே வெண்ணெய்போல் குழைய வேண்டும்.

தட்டில் பரிமாறிய பிறகு எலுமிச்சையைப் பிழிந்து, ரொட்டியோடு சாப்பிடுங்கள்.