சேத்துல மாட்டின பழைய ராலி காரை உடைக்காம வெளிய இழுக்குறது எப்படி

தென்னாப்பிரிக்காவுல டர்பனுக்கு வடக்க டொங்காட், ஸ்டாங்கர் பக்கம் கரும்புக்காட்டு ரோட்டுல வீக்எண்ட் ஆனா சிட்டி கோல்ஃப், பழைய கொரோலா, எஸ்கார்ட்னு எடுத்துட்டு கிளம்புற நம்ம ஆளுங்களுக்கு தான் இது. இழுக்கும்போது கயிறு அறுந்துடுமோன்னு எல்லாரும் பயப்படுறாங்க, ஆனா பழைய கார்ல முதல்ல போறது பெரும்பாலும் கயித்தை மாட்டுற இரும்பு தான். சிட்டி கோல்ஃப்ல கடைசி வண்டியே 2009ல வந்தது, டர்பன் கடல்காத்துல அடிச்சட்டம் என்ன கதில இருக்கும்னு சொல்லணுமா.

ஸ்டேஜ்க்குள்ள, அதாவது ராலி நடக்குற ரோட்டுல மாட்டினா முதல்ல இழுக்குறத மறந்துடுங்க. யாருக்கும் அடி இல்லனா பச்சை ஓகே போர்டை பின்னாடி வர்றவங்களுக்கு காட்டணும், அடி பட்டிருந்தா சிவப்பு எஸ்ஓஎஸ், எச்சரிக்கை முக்கோணத்தை மத்த கார் வர்ற பக்கம், உங்க காருக்கு குறைஞ்சது 50 மீட்டர் பின்னாடி வைக்கணும், கடைசியா வர்ற ஸ்வீப் கார் வந்து ஸ்டேஜ் முடிஞ்சதுன்னு சொல்ற வரைக்கும் ஃப்ரெண்டோட பக்கி (பிக்-அப் வண்டி) உள்ள வரவே கூடாது. பெட்ரோல் வாசனை வருதான்னு பாருங்க, வந்தா பேட்டரி கட்-ஆஃப். ஜூன் ஜூலைல மிட்லண்ட்ஸ் பக்கம் புல்லு காஞ்சு கிடக்கும், சூடான சைலன்சர் அது மேல உக்காந்தா தீ பிடிக்கும், எக்ஸ்டிங்குஷர் கைல இருக்கட்டும்.

அப்புறம் தோண்டுங்க. இது தான் யாருக்கும் பிடிக்காத வேலை, பாதி பேரு ஸ்பேடே கொண்டுவர மாட்டாங்க. சேறு ஆக்ஸில் வரைக்கும் ஏறி வயிறு தரையில ஒட்டிடுச்சுன்னா காரோட எடை அளவுக்கே இழுக்க வேண்டி வரலாம், சக்கரத்துக்கு முன்னாடி சரிவா வெட்டிவிட்டு அடியில இருக்குற சேத்தை வழிச்சு எடுத்தாலே அதுல நிறைய குறைஞ்சிடும். டயர் காத்தை 1.2 பார் வரைக்கும் இறக்குங்க, ஃப்ளோர் மேட்டை அடியில குடுங்க, பல தடவை கயிறே தேவைப்படாது.

இப்ப மாட்டுற இடம். டார்ச் அடிச்சு அடியில படுத்து பாருங்க, டோ ஹூக் பக்கத்துல ஸ்க்ரூட்ரைவரால குத்தினா பெயின்ட் செதில் செதிலா வந்து உள்ள பிஸ்கட் மாதிரி பொடியுதுன்னா அதுல தொடவே வேணாம். கப்பல்ல கட்டுறதுக்குன்னு வச்ச வளையம், டை ராட், ஆன்டி-ரோல் பார், கன்ட்ரோல் ஆர்ம், பம்பர் எதுலயும் மாட்டக்கூடாது. ரெண்டு பக்கமும் நல்ல பாயின்ட் இருந்தா ப்ரைடில் (ரெண்டு காலா பிரியுற கயிறு) போட்டு லோடை பிரிங்க, ஆனா ப்ரைடில் நீளமா இருக்கணும், ரெண்டு காலுக்கும் நடுவுல கோணம் 120 டிகிரி ஆச்சுன்னா ஒவ்வொரு காலும் முழு லோடையும் தாங்குது, பிரிச்சதுல ஒரு பிரயோஜனமும் இல்ல. இழுக்குற பக்கியில டோ பால்ல மட்டும் சத்தியமா மாட்டாதீங்க, அது ட்ரெய்லருக்கு செஞ்சது, முறிஞ்சா குண்டு மாதிரி பறந்து கண்ணாடியை உடைச்சு உள்ள வரும், ஆளுங்க செத்திருக்காங்க.

ஸ்ட்ராப் விஷயத்துல பெருசு தான் நல்லதுன்னு நினைக்காதீங்க. லேண்ட் க்ரூஸருக்கு வாங்கின 11 டன் ஸ்நாட்ச் ஸ்ட்ராப் (நீண்டு இழுக்குற பட்டை) ஒரு டன் கூட இல்லாத கோல்ஃபுக்கு நீளவே நீளாது, இழுவை மொத்தமும் அதிர்ச்சியா துருப்பிடிச்ச இரும்புல போய் விழும். லேசான வண்டியோட எடைக்கு ரெண்டு மூணு மடங்கு தாங்குற ஸ்ட்ராப் போதும். முடிச்சு போடாதீங்க, பலம் பாதிக்கு கிட்ட போயிடும். ரெண்டு ஸ்ட்ராப்பை சேக்கணும்னா நடுவுல ஷாக்கிள் (பின் போட்டு மூடுற U மாதிரி இரும்பு) கூடாது, ஒண்ணோட லூப்புக்குள்ள இன்னொண்ண விட்டு, நடுவுல சுருட்டின பேப்பரை சொருகினா அப்புறம் கழட்ட வரும். ஷாக்கிள் பின்னை கையால முழுசா திருகிட்டு கால் சுத்து பின்னாடி விடுங்க, இல்லனா இழுத்தப்புறம் இறுகிப்போய் வரவே வராது. கயித்து நடுவுல ஈர ஜாக்கெட்டோ கம்பளியோ போடணும், அறுந்தா வேகத்தை அது கொஞ்சம் அடக்கும்.

இழுக்கும்போது கயித்து நீளத்துக்கு ஒன்றரை மடங்கு தள்ளி, பக்கவாட்டுல நில்லுங்க, கயித்து நேர்கோட்டுல ஒரு ஆளும் இருக்கக்கூடாது, ஃபோன் எடுத்து வீடியோ பிடிக்கிற தம்பியும் தான். சிக்னல் ஒரே ஆள் குடுக்கட்டும். மாட்டின கார்ல டிரைவர் மட்டும், ஹெல்மெட், பெல்ட்டோட. பக்கி லோ கியர்ல மெதுவா நகர்ந்து கயித்தை இறுக்கிட்டு அப்புறம் தான் இழுக்கணும், ஓடிவந்து வெட்டி இழுக்குற வேலை பழைய காருக்கு வேணாம், வேகம் ரெட்டிப்பானா சக்தி நாலு மடங்கு. ரெண்டு தடவை வரலனா நிறுத்திட்டு மறுபடி தோண்டுங்க. டிராக்டர் ஓட்டுற பாபா (ஜூலுல பெரியவரை மரியாதையா கூப்பிடுறது) யாராவது வந்தா மரியாதையா கேளுங்க, நல்லா உதவி பண்ணுவாங்க, ஆனா மெதுவான்னு முதல்லயே சொல்லிடணும், ஏன்னா டிராக்டருக்கு பின்னாடி கார் இருக்குறதே தெரியாது, அது பாட்டுக்கு உங்க முன்பக்கத்தை எடுத்துட்டு ஸ்டாங்கர் போயிடும்.

வெளிய வந்து எஞ்சின் எடுக்கல, பப்ளிக் ரோட்டுல இழுத்துட்டு போகணும்னா, இங்க சட்டப்படி ரெண்டு வண்டிக்கும் நடுவுல 3.5 மீட்டருக்கு மேல போகக்கூடாது, கயிறுல இழுத்தா 30 கிமீ தான் வேகம். சாவியை ஆன்ல விடுங்க இல்லனா ஸ்டீயரிங் லாக் ஆயிடும். எஞ்சின் ஆஃப்ல பிரேக்குக்கு உதவுற சர்வோ வேலை செய்யாது, பிரேக் கல்லு மாதிரி இருக்கும், ரெண்டு காலாலயும் மிதிக்க ரெடியா இருங்க. பின்னாடி கார்க்காரர் தான் லேசா பிரேக் பிடிச்சு கயித்தை இறுக்கமா வச்சுக்கணும். ஆட்டோமேட்டிக்னா ட்ரெய்லர் கூப்பிடுங்க, எஞ்சின் ஓடாம கியர்பாக்ஸ்க்கு ஆயில் போகாது. எஞ்சின் எடுத்துச்சுன்னாலும் உடனே என்2 ஹைவேல ஏறாதீங்க, பிரேக் ஹோஸை பாத்துட்டு, ரிம்முக்குள்ள இருக்குற சேத்தை கழுவிட்டு, காத்தை மறுபடி அடிச்சுட்டு போங்க, அந்த சேத்தோட 80ல போனா ஸ்டீயரிங் கைல நடுங்கும்.