கோர்ட்டு வராண்டாவுல பிள்ளைக்குத் துணையா உட்கார வர்றவங்களுக்கு

1977ல அமெரிக்காவுல சியாட்டில் ஜட்ஜ் ஒருத்தர் ஆரம்பிச்சு வச்ச மாதிரி, வாலண்டியரே பிள்ளைக்காக ஜட்ஜுகிட்ட பேசுற ஏற்பாடு இங்க சவுத் ஆப்பிரிக்காவுல கிடையாது, அத முதல்ல மனசுல வச்சுக்குங்க. இங்க விசாரிச்சு ரிப்போர்ட் எழுதுறது சோஷியல் ஒர்க்கர், வக்கீல் தேவைன்னா கோர்ட்டு லீகல் எய்டுக்கு (அரசாங்க இலவச வக்கீல் உதவி) அனுப்பும், 2005ம் வருஷ சில்ட்ரன்ஸ் ஆக்ட், அதாவது பிள்ளைங்க சட்டம், அப்படித்தான். நமக்கு, வீட்டுல பாதுகாப்பு இல்லாத பிள்ளைங்க கேஸ் நடக்குற சில்ட்ரன்ஸ் கோர்ட்டுல, பிள்ளைக்குத் துணைக்கு இருக்குற வேலைதான்.

டர்பன்ல சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம்னா கிட்ட இருக்குற சைல்ட் வெல்ஃபேர் ஆபீசுல கேளுங்க. போலீஸ் கிளியரன்ஸ் எடுக்கணும், ஃபார்ம் 30ம் நிரப்பணும், பிள்ளைங்க பக்கமே விடக்கூடாதவங்க லிஸ்டுல நம்ம பேரு இருக்கான்னு அதுல பாப்பாங்க. "கோயில் கமிட்டில இருவது வருஷம் இருக்கேன், என்னையேவா?"ன்னு ஒரு மாமா எழுந்து போயிட்டாரு. போகட்டும், நல்லதுதான்.

இப்ப முக்கியமான விஷயம், எதுக்கும் வாக்கு குடுக்காதீங்க. நான் குடுத்தேன். ஏழு வயசுப் பொண்ணு, சிப்ஸ் பாக்கெட்ட பிரிக்காமலே மடியில வச்சு நசுக்கிட்டு இருந்துச்சு, எனக்கு மனசு தாங்கல, "சாயங்காலம் ஆயா வீட்டுக்குப் போயிடலாம்மா"ன்னுட்டேன், கேஸ் தள்ளிப்போச்சு, பிள்ளை திரும்ப பிள்ளைங்க ஹோமுக்குத்தான் போச்சு. அடுத்த தடவ என் முகத்தையே பாக்கல.

என்ன நடந்துச்சுன்னும் நோண்டாதீங்க. அதுவா சொன்னா குறுக்க பேசாம கேளுங்க, "அப்பா அடிச்சாரா?"ன்னு எடுத்துக் குடுத்தீங்கன்னா நாளைக்கு எதிர் வக்கீல் "ஆன்ட்டி சொல்லிக் குடுத்தது"ன்னு ஒரே வார்த்தையில அடிச்சிடுவாரு. இங்கிலீஷோ ஜூலுவோ, பிள்ளை சொன்ன வார்த்தைய அப்படியே தேதி, மணியோட நோட்டுல எழுதி அன்னிக்கே சோஷியல் ஒர்க்கர்கிட்ட குடுத்துடுங்க. பாலியல் விஷயம்னா உடனே போலீஸ்ல சொல்லியே ஆகணும், 2007ம் வருஷ பாலியல் குற்றச் சட்டம் சொல்லாம விட்டவங்க யாரா இருந்தாலும் விடாது.

சில்ட்ரன்ஸ் கோர்ட்டு மூடின கதவுக்குள்ளதான் நடக்கும், பிள்ளை பேர வெளிய விடுறது குற்றம். வாட்ஸ்அப்ல ஒரு வரி கூட வேண்டாம், கல்யாண வீட்டுல எந்த அக்கா கேட்டாலும் "தெரியாது"தான்.

சோஷியல் ஒர்க்கர் ரிப்போர்ட்டுக்கே 90 நாள் டைம், பொதுவா பிள்ளை எங்க இருக்கணும்னு கோர்ட்டு போடுற ஆர்டரும் ரெண்டு வருஷத்துல முடிஞ்சு மறுபடி கோர்ட்டுக்கு வரும், அதனால ரெண்டு மாசம் வந்துட்டு நின்னுடுறதா இருந்தா தயவுசெஞ்சு வராதீங்க.

பையில தண்ணி, ஒரு ஜெர்சி, கலர் பென்சில் போட்டுக்குங்க. பென்சில் ரெண்டு செட்டா எடுங்க, அடுத்த பெஞ்சுலயும் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும்.