ஸ்காட்லாந்து முன்னோரைத் தேடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத்தில் காப்பித் தோட்டமும் தேயிலைத் தோட்டமும் போட வந்த வெள்ளைக்காரர்களில் ஸ்காட்லாந்துக்காரர்கள் நிறையப் பேர். அதிலும் அபர்டீன், கின்கார்டின் பக்கத்தவர்கள் அதிகம். அவர்கள் வழிவந்த குடும்பங்களிலிருந்து இப்போது பலர் தங்கள் வேரைத் தேடுகிறார்கள். உதவி கேட்டு வருபவர்களின் குறிப்புகளைப் பார்த்தால், இந்த வேலைக்குப் புதிதாக வந்த காலத்தில் நான் இடறிய அதே இடங்களில்தான் அவர்களும் இடறுகிறார்கள். குடும்பப் பெயர்களின் எழுத்து வேறுபாடு, பெயரின் முன்னால் வரும் மேக் (Mac) - மெக் (Mc) குழப்பம் எல்லாம் கொஞ்ச நாளில் தானாகவே பழகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பெயர் பொருந்தியதும் சொந்தமாக்கிக்கொள்வது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான்.

ஸ்காட்லாந்தில் அரசுப் பதிவு 1855 ஜனவரி 1 அன்றுதான் தொடங்கியது. அதற்கு முந்தைய காலத்துக்குப் பழைய பாரிஷ் (ஒரு திருச்சபையின் எல்லைக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி) பதிவேடுகளே கதி. அவற்றில் திருமணக் குறிப்பு என்பது பெரும்பாலும் ஓரிரு வரி: இந்த ஊர் ஜேம்ஸ் ஸ்மித், அந்த ஊர் ஜேனட் பிரவுன், தேதி. சில இடங்களில் பெண்ணின் அப்பா பெயர் இருக்கும். மாப்பிள்ளையின் பெற்றோர் பெயர் அபூர்வம். வயது இருக்காது. இதைக் கையில் வைத்துக்கொண்டு இருபத்தைந்து வருடம் பின்னால் போய், பக்கத்தில் எங்காவது ஒரு ஜேம்ஸ் ஸ்மித்துக்கு ஞானஸ்நானம் நடந்திருக்கிறதா என்று தேடுகிறார்கள். கிடைத்தவுடன் அவரைக் குடும்ப மரத்தில் சேர்த்துவிடுகிறார்கள். அப்புறம் அவருடைய அப்பா, தாத்தா என்று ஏணி ஏறுகிறது.

ஒருவர் 1600கள் வரை நீளும் மரத்தோடு வந்தார். அத்தனைக்கும் அடிப்படை 1820களில் நடந்த ஒரு திருமணம். மாப்பிள்ளை பெயர் வில்லியம். பக்கத்துப் பாரிஷில் பொருத்தமான வருடத்தில் அதே குடும்பப் பெயரில் ஒரே ஒரு வில்லியம்தான் இருந்தான். அதனால் சந்தேகத்துக்கே இடமில்லை என்றார். அந்தப் பாரிஷின் கல்லறை வாசகத் தொகுப்பை எடுத்துப் பார்த்தோம். அதே அப்பா அம்மா எழுப்பிய கல்லில் அந்த வில்லியமும் இருந்தான், நான்கு வயதில் இறந்தவனாக. அதற்கு மேலே இருந்த தலைமுறைகள் மொத்தமும் யாரோ ஒருவருடைய குடும்பம். பதிவேட்டுப் படங்களுக்குக் கட்டிய பணம் போனது ஒரு பக்கம். அந்த மரத்தை அதற்குள் வேறு பலர் இணையத்தில் நகலெடுத்துவிட்டார்கள். அதை இனி யார் திருத்துவது?

‘ஒருவர்தான் இருக்கிறார்’ என்பது ஆதாரமே அல்ல. பதிவானவர் ஒருவர், அவ்வளவுதான். 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி இருந்தது. ஏழைகள் பலர் பதியாமலே விட்டார்கள். அரசு அங்கீகாரம் பெற்ற ஸ்காட்லாந்துத் திருச்சபையிலிருந்து பிரிந்துபோன சபைகளின் குழந்தைகளும் பெரும்பாலும் இந்தப் பதிவேட்டில் வருவதில்லை.

சரி, எப்படித் தேடுவது? 1855க்கு இந்தப் பக்கம் உள்ளதை முழுக்கத் தேடி முடிக்காமல் அந்தப் பக்கம் போகக் கூடாது. 1825இல் கல்யாணமான ஒருவர் 1855க்குப் பிறகு இறந்திருந்தால், அவருடைய இறப்புப் பதிவிலேயே அப்பா பெயரும் அம்மா பெயரும் அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரோடு கேட்கப்பட்டிருக்கும். இங்கிலாந்துப் பதிவில் இந்த வசதி கிடையாது. அவர் முன்னதாகவே இறந்திருந்தால் அவருடைய தம்பி, அக்கா யாராவது 1855ஐத் தாண்டியிருப்பார்கள். மனைவி இறந்து 1855க்குப் பிறகு மறுமணம் செய்திருந்தால் அந்தத் திருமணப் பதிவில் இரு தரப்புப் பெற்றோரும் வருவார்கள். தகவல் சொன்னவர் யார் என்பதையும் கவனியுங்கள்: மகன் சொன்ன பாட்டி பெயரை நம்பலாம், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை அப்படியே நம்ப முடியாது. இன்னொன்று, 1855ஆம் வருடப் பதிவுகளில் வேறு எந்த வருடத்திலும் இல்லாத அளவு விவரம் உண்டு. மணமக்கள் பிறந்த ஊர், முந்தைய திருமணம், அதில் பிறந்த குழந்தைகள் என்று கேட்டு எழுதினார்கள். வேலைப்பளு தாங்காமல் அடுத்த வருடமே குறைத்துவிட்டார்கள். உங்கள் குடும்பத்தின் எந்தக் கிளையிலாவது 1855இல் ஒரு நிகழ்வு இருந்தால் முதலில் அதை எடுங்கள்.

மனைவியைக் கணவர் பெயரில் தேடுவது

ஸ்காட்லாந்துப் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் சட்ட ஆவணங்களில் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரை விடவில்லை. கல்லறைக் கற்களிலும் அப்படித்தான்: கணவர் பெயருக்குக் கீழே மனைவி வேறு குடும்பப் பெயரோடு இருப்பார். அவரை யாரோ என்று தாண்டிப் போய்விடாதீர்கள்.

ஓலை வாசித்த நாளைக் கல்யாண நாள் என்று எழுதுவது

பாரிஷ் பதிவேட்டில் இருப்பது பல இடங்களில் ஓலை வாசித்த குறிப்பு, அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் நடக்கப்போகிறது என்று சர்ச்சில் முன்கூட்டியே அறிவித்த குறிப்பு. மாப்பிள்ளை ஊரிலும் பெண் ஊரிலும் வாசிப்பார்கள் என்பதால் ஒரே ஜோடிக்கு இரண்டு பதிவு, இரண்டு தேதி வரும். இரண்டையும் எடுங்கள், ஒன்றில் இல்லாத விவரம் மற்றதில் இருக்கும். ஓலை வாசித்தும் கல்யாணம் நடக்காமல் போனது உண்டு. நடந்த கல்யாணங்களும் பெரும்பாலும் பெண் வீட்டிலோ போதகர் வீட்டிலோ நடந்தன. ‘இந்தச் சர்ச்சில்தான் மணமுடித்தார்கள்’ என்று படம் போடும் முன் யோசியுங்கள்.

சர்ச் பதிவு இல்லையென்றால் கல்யாணமே இல்லை என்பது

போதகர் இல்லாமல், சாட்சிகள் முன்னால் ‘நாங்கள் கணவன் மனைவி’ என்று இருவரும் சொன்னாலே ஸ்காட்லாந்துச் சட்டப்படி கல்யாணம்தான். 1940 ஜூலை வரை இது செல்லுபடியானது. பழைய காலத்தில் இப்படி மணந்தவர்களை ஊர்ச் சபை மூப்பர்கள் கூப்பிட்டு விசாரித்து அபராதம் போட்டார்கள். அந்த விசாரணை, கிர்க் செஷன் என்ற மூப்பர் குழுவின் குறிப்பேட்டில் இருக்கும்.

பெயர் வைக்கும் வழக்கத்தை ஆதாரமாக்குவது

மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர் என்பது வழக்கம்தான். துப்பாக வையுங்கள், முடிவாக வேண்டாம்.

கல் இருக்கும் இடமே புதைத்த இடம் என்று நம்புவது

கடலில் போனவர், கண்டியில் காய்ச்சலில் இறந்தவர் எல்லோருடைய பெயரையும் ஊரில் இருந்த குடும்பம் தன் கல்லில் சேர்த்தது. புதைத்த உடலே இடம் மாறுவதும் உண்டு. கிளாஸ்கோவில் பிறந்து சென்னை ஆளுநரான தாமஸ் மன்றோ 1827இல் இறந்ததும் ஆந்திரத்தில் உள்ள குத்தி (Gooty) என்ற ஊரில் அடக்கம் செய்யப்பட்டார். 1831இல் சென்னைக் கோட்டைக்குள் உள்ள செயின்ட் மேரி தேவாலயத்துக்கு மாற்றினார்கள்.

கல் இல்லாவிட்டால் ஆள் இல்லை என்பதும் தவறு. கல் நட எல்லோரிடமும் பணம் இருக்கவில்லை. 1855 முதல் 1860 வரையிலான இறப்புப் பதிவுகளில் எங்கே புதைத்தார்கள் என்பதே எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு முன்னால் என்றால், சவப்பெட்டி மேல் போர்த்தும் துணியைப் பாரிஷ் வாடகைக்கு விட்ட கணக்கைப் பாருங்கள். துணி வாங்கிய நாளை ஒட்டித்தான் அடக்கமும் இருக்கும்.

பின்னாளில் திறந்த ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் குடும்பங்கள் வாங்கிய குழிமனைக்கு லேர் என்று பெயர். லேர் பதிவேடு பெரும்பாலும் உள்ளூர் கவுன்சிலிடம் இருக்கும். மனைவியின் அக்கா, பிறந்து சில நாளில் போன குழந்தை என்று கல்லில் ஏறாத பெயர்கள் அதில் வரும். மனையை வாங்கியவர் யார் என்பதையும் கேட்டு வாங்குங்கள். பல நேரம் அது மாமனாராக இருக்கும்.