126 மி.மீ பிரேமில் 130 மி.மீ வீல்: பழைய ரோட் பைக்குக்குப் புதிய பாகங்கள் பொருத்தும் முறை

1970, 80களில் வந்த ரேலே, பெஜோ, பியான்கி போன்ற ரோட் பைக்குகளின் ஸ்டீல் பிரேம் துரு ஏறாமல் இருந்தால் இன்னும் பல்லாண்டு ஓடும். தேய்ந்து போவது வீலும் பிரீவீலும் (பின் வீலின் பல் சக்கரத் தொகுதி) பிரேக்கும்தான். அவற்றுக்குப் பதில் இன்றைய பாகங்களைப் போடலாம். ஆனால் அன்றைய அளவுகள் வேறு, இன்றைய அளவுகள் வேறு. பாகங்களை வாங்கிவிட்டு அப்புறம் அளக்க உட்கார்ந்தால் செலவு இரண்டு மடங்காகும். எனவே பழைய வீல்களைக் கழற்றிவிட்டு முதலில் வெர்னியர் காலிப்பரைக் கையில் எடுங்கள்.

பின்பக்க அகலம்

பின் வீல் உட்காரும் இரண்டு டிராப்அவுட்களின் உட்பக்க இடைவெளியை அளங்கள். பின்னால் 5 பல் சக்கரங்கள் (5 கியர்) கொண்ட பழைய பைக்கில் அது 120 மி.மீ இருக்கும், 6, 7 கொண்டதில் 126. இன்று 8 முதல் 11 வரை பல் சக்கரங்கள் ஏற்கும் ரிம் பிரேக் ஹப் (வீலின் நடுவே ஆக்சிலைச் சுற்றியுள்ள பாகம்) எல்லாம் 130 மி.மீ. டிஸ்க் பிரேக் ஹப் 135 அல்லது 142. பழைய பிரேமில் அதற்கான தாங்கியே கிடையாது என்பதால் அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

126க்கும் 130க்கும் வித்தியாசம் பக்கத்துக்கு 2 மி.மீ. கையால் விரித்தே வீலை உள்ளே தள்ளிவிடலாம், ஒன்றும் ஆகாது. பஞ்சர் ஆகும்போதெல்லாம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். 120லிருந்து 130 என்றால் பக்கத்துக்கு 5 மி.மீ. அப்போது பிரேமை நிரந்தரமாக விரித்துக்கொள்வதே முறை. இது ஸ்டீலுக்கு மட்டும். அலுமினியத்தையும் கார்பனையும் விரிக்கவே கூடாது. அவை வளையாது, விரிசல் விடும்.

விரிக்கும் முன் நூல் சோதனை செய்யுங்கள். ஒரு டிராப்அவுட்டில் நூலைக் கட்டி, முன்னால் ஹெட் டியூபை (ஃபோர்க் நுழையும் குழாய்) சுற்றிக்கொண்டு வந்து, மறு டிராப்அவுட்டில் அதே இடத்தில் விறைப்பாகக் கட்டுங்கள். சீட் டியூபுக்கும் (சீட்டின் கீழ் வரும் குழாய்) நூலுக்கும் உள்ள இடைவெளியை இருபக்கமும் அளங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் பின்பாகம் நடுவில் இருக்கிறது. 1 மி.மீ வரை வித்தியாசம் இருந்தால் பொருட்படுத்த வேண்டாம். பழைய பைக் எங்காவது விழுந்திருந்தால் அதுவும் இந்த நூலில் தெரிந்துவிடும்.

விரிப்பதற்கு 10 மி.மீ மரை கொண்ட நீளக் கம்பி ஒன்று, நான்கு நட்டு, நான்கு கனமான வாஷர் போதும். கம்பியை ஆக்சில் இருக்கும் இடத்தில் வைத்து, உள்ளே உள்ள இரண்டு நட்டுகளையும் வெளிப்பக்கமாகத் திருகினால் டிராப்அவுட்கள் விரியும். 130ஐத் தொட்டதும் நிறுத்தித் தளர்த்தினால் பிரேம் பழைய அளவுக்கே திரும்பிவிடும். ஸ்டீலுக்கு ஸ்பிரிங் குணம் உண்டு. கணிசமாகத் தாண்டிப் போனால்தான் வளைவு நிலைக்கும். ஒவ்வொரு முறையும் முந்தையதைவிட 5 மி.மீ கூடுதலாக விரித்து, முழுக்கத் தளர்த்தி, அளந்து, நூலையும் கட்டிப் பாருங்கள். அவசரம் வேண்டாம். கம்பி இருபக்கமும் ஒரே விசையில்தான் தள்ளும், ஆனால் இளகிய பக்கம்தான் முதலில் வளையும். நூலில் எந்தப் பக்க இடைவெளி அதிகமோ அந்தப் பக்கம் அதிகம் போய்விட்டது என்று அர்த்தம். ஒருவர் பிரேமை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் அந்தப் பக்கத்தை மட்டும் கையால் உள்ளே அழுத்திச் சரிசெய்யலாம். முடித்ததும் செயின்ஸ்டேக்களை (கிராங்கிலிருந்து பின் வீலுக்குப் போகும் கீழ்க் குழாய்கள்) இணைக்கும் சிறு பாலத்தின் பற்றவைப்பில் விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

விரித்த பிறகு டிராப்அவுட் இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்காது, லேசாகச் சாய்ந்திருக்கும். 120லிருந்து விரித்திருந்தால் அதற்கான அலைன்மென்ட் கருவி உள்ள ஒர்க்ஷாப்பில் நிமிர்த்தி வாங்குங்கள். சாய்ந்தபடியே விட்டால் ஆக்சில் வளைந்து ஒருநாள் ஒடியும்.

இன்னொரு சங்கதி பலருக்குத் தெரிவதில்லை. தகட்டில் வெட்டிய டிராப்அவுட்கள் மெல்லியவை. புதிய ஹப்பின் ஆக்சில் நுனி டிராப்அவுட்டின் வெளிமுகத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால், லிவரால் வீலை இறுக்கும் குவிக் ரிலீஸ் ஆக்சிலைத்தான் பிடிக்கும், பிரேமைப் பிடிக்காது. லிவர் இறுகியது போலவே இருக்கும். மேட்டில் அழுத்தி மிதித்தால் வீல் நழுவிவிடும். நீட்டும் நுனியை அரத்தால் ராவி உள்ளடக்குங்கள். முன்பக்கம் ஹப் 100 மி.மீ, ஆக்சில் 9 மி.மீ. சில பழைய ஃபோர்க்குகளின் வாய் 8 மி.மீ மட்டுமே. அதை அகலத்தில் மட்டும் ராவ வேண்டும். ஆழத்தில் ஒரு பக்கம் கூடினாலும் வீல் சாய்ந்து உட்காரும்.

வீல் அளவும் பிரேக்கும்

பழைய டயரில் 27 x 1¼ என்றிருந்தால் ரிம்மின் டயர் அமரும் விட்டம் 630 மி.மீ. இன்றைய 700சி ரிம்முக்கு அது 622. ஆரத்தில் 4 மி.மீ குறைவு. அதனால் பிரேக் கட்டை 4 மி.மீ கீழே எட்ட வேண்டும். பைக்கும் சற்றுத் தாழும்: 27 x 1¼ டயரோடு ஒப்பிட்டால் 700 x 28 போட்டதும் ஏறத்தாழ 8 மி.மீ இறங்கும், 700 x 32 போட்டால் 4 மி.மீதான். இடம் இருந்தால் 32 போடுங்கள். வளைவில் பெடல் தரையில் இடிக்காது, சாலைக்கும் இதம். எந்த டயரானாலும் பக்கவாட்டிலும் மேலேயும் 4 மி.மீ இடைவெளி விடுங்கள்.

பிரேக் போல்ட் துளையின் நடுவிலிருந்து ரிம்மில் கட்டை படும் இடத்தின் நடு வரை அளங்கள். உதாரணமாக 27 அங்குல வீலில் 52 மி.மீ வந்தால் 700சியில் 56. இன்றைய ரேஸ் பிரேக்குகள் ஏறத்தாழ 50 மி.மீ வரைதான் எட்டும். 56க்கு 47–57 எட்டும் பிரேக் வேண்டும். ஷிமானோ, டெக்ட்ரோ இரண்டிலும் கிடைக்கும். 57ஐத் தாண்டினால் டெக்ட்ரோவின் 55–73 வகை.

அடுத்த தடை நட்டு. பழைய பிரேமின் துளை இருபுறமும் 6 மி.மீ, வெளியே நட்டு போட்டு இறுக்குவார்கள். புதிய பிரேக்கின் நட்டு துளைக்குள்ளேயே புதையும், அதற்கு 8 மி.மீ வேண்டும். ஃபோர்க்கில் பின்பக்கச் சுவரை மட்டும் 8 மி.மீ டிரில்லால் அகலப்படுத்துங்கள். முன்சுவரைத் தொடக் கூடாது. தொட்டால் பிரேக் ஆடும். பின்னால் டிரில்லே தேவையில்லை. முன் பிரேக்காக விற்கப்படுவதன் போல்ட் நீளமானது. அதைப் பின்னால் மாட்டி சாதாரண நட்டும், குழாயின் வளைவுக்கேற்ற வாஷரும் போட்டால் போதும்.

கிராங்க் கப்பின் மரை

கிராங்கின் தண்டைத் தாங்கும் கப்புகள், பிரேமின் அடியிலுள்ள ஷெல் என்ற குறுங்குழாயில் மரையால் ஏறும். பிரேமைப் பாழாக்குவது பெரும்பாலும் இந்த இடம்தான். பழைய கப்பின் முகத்தில் பொறித்திருப்பதைப் படியுங்கள். 1.37 x 24 என்றால் ஆங்கிலேய மரை: செயின் பக்கக் கப் தலைகீழ் மரை, அதாவது வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். 36 x 24 என்றால் இத்தாலிய மரை, இருபக்கமும் நேர் மரை, ஷெல் அகலம் 70 மி.மீ. 35 x 1 என்றால் பிரெஞ்சு அல்லது சுவிஸ். பிரெஞ்சில் இருபக்கமும் நேர் மரை, சுவிஸில் செயின் பக்கம் தலைகீழ். பழைய பெஜோக்களில் பிரெஞ்சு மரை வரும்.

ஆங்கிலேயக் கப்பின் விட்டம் 34.8 மி.மீ, பிரெஞ்சு 35. இந்தச் சிறு வித்தியாசத்தால் நேர் மரையுள்ள இடப்பக்கம் தவறான கப்பும் இரண்டு சுற்று சுகமாக ஏறும், அப்புறம் இறுகும். அங்கே ஸ்பேனரில் பலம் காட்டினால் ஷெல்லின் மரை போய்விடும். சரியான கப் கையாலேயே நாலைந்து சுற்று ஏறும். பொருந்தும் கப் கிடைக்காவிட்டால், இரண்டு பாதிகள் ஒன்றுக்குள் ஒன்று இறுகும் மரையில்லாத வகை கிடைக்கிறது. அது எந்த மரையையும் கண்டுகொள்ளாது. 24 மி.மீ தண்டுள்ள புதுவகைக் கிராங்குக்குக் கப் வெளியே உட்காரும் என்பதால், ஷெல்லின் இரு முகங்களையும் ஒர்க்ஷாப்பில் சமமாகச் செதுக்கி வாங்குங்கள். பெயின்ட் மேல் உட்காரும் பேரிங் சீக்கிரம் தேயும்.

கியர்

பழைய பிரேமுக்குப் பின்னால் 8 பல் சக்கரங்களே நல்ல தேர்வு. சக்கரத்துக்குச் சக்கரம் இடைவெளி 4.8 மி.மீ, 10இல் 3.95. ஹேங்கர் (பின் கியர் மாற்றி தொங்கும் காது) லேசாகக் கோணியிருந்தாலும் 8 பொறுத்துக்கொள்ளும், செயினும் மலிவு. உராய்வில் நிற்கும் பழைய டவுன் டியூப் லிவரையே (பிரேமின் சாய்ந்த கீழ்க் குழாயிலுள்ள கியர் லிவர்) வைத்துக்கொண்டும் ஓட்டலாம். கைப்பிடி ஷிஃப்டர் போட்டால் லிவர் இருந்த மேட்டில் கேபிள் நிறுத்தி மாட்டுங்கள். 11க்கான ஹப்பில் 8 போட 1.85 மி.மீ வளையம் முதலில் போக வேண்டும்; இல்லாவிட்டால் கேசட் (பல் சக்கரங்களின் தொகுதி) இறுகாமல் கடகடக்கும். பூட்டு வளையத்துக்கு 40 நியூட்டன் மீட்டர்.

வீலை மாட்டியதும் செயினை மிகச் சிறிய பல் சக்கரத்தில் போட்டுப் பின்னோக்கிச் சுற்றுங்கள். செயின் சீட்ஸ்டேயை (சீட்டிலிருந்து பின் வீலுக்கு இறங்கும் குழாய்) உரசினால் ஆக்சிலில் செயின் பக்கம் 1 மி.மீ வாஷர் சேர்த்து, ரிம்மை மறுபடி நடுவுக்கு இழுத்துக் கோட்டம் எடுக்க வேண்டும்.

ஹேண்டில்பாரும் சீட்டும்

ஹேண்டில்பாரைத் தாங்கி, பழைய ஃபோர்க்குக்குள் இறங்கும் ஸ்டெம் 22.2 மி.மீ, பிரெஞ்சில் 22.0, எனவே 22.2 ஸ்டெம்மை உப்புத்தாளால் தேய்த்து இறக்க வேண்டும். இன்றைய ஸ்டெம் மாட்ட 28.6 மி.மீ அடாப்டர் உண்டு; ‘இதற்குமேல் தூக்காதே’ என்ற கோடு உள்ளேயே இருக்கட்டும். சீட் போஸ்ட் அளவை ஊகிக்காதீர்கள். நல்ல பிரேம்களில் 27.2, மற்றவற்றில் 26.4, 26.6, 26.8 என்று 0.2 இடைவெளியில் மாறும். ஒரு படி சிறியதைப் போட்டு போல்ட்டை முறுக்கினால் சீட் டியூபின் காது வளைந்துவிடும். அளவு பொறித்த பழைய போஸ்ட்டைப் பார்த்தே வாங்குங்கள், கிரீஸ் தடவி இறக்குங்கள்.

முதல் 50 கி.மீ ஓட்டியதும் கிராங்க் போல்ட், பிரேக் நட்டு, ஸ்டெம் போல்ட் மூன்றையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். பின் வீல் டிராப்அவுட்டில் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.