பிசையாமல் ஒரு பிரெட்: வீட்டில் முதன்முறையாக ஐரிஷ் சோடா பிரெட்

ஈஸ்ட் என்றாலே தயக்கம், மாவு பொங்குமா பொங்காதா என்று மணிக்கணக்கில் காத்திருக்கப் பொறுமையில்லை, ஆனாலும் வீட்டில் ஒரு முறையாவது பிரெட் சுட்டுப் பார்க்க ஆசை. இப்படிச் சொல்பவர்களிடம் நான் அயர்லாந்து நாட்டுச் சோடா பிரெட்டிலிருந்து தொடங்கச் சொல்வேன். மாவு, உப்பு, ஆப்பச் சோடா, மோர், இவ்வளவுதான் பொருள்கள். மோரை ஊற்றிய ஐந்து நிமிடத்தில் மாவு ஓவனுக்குள் போய்விடும். ஒரு மணி நேரத்துக்குள் வீடு மணக்கும்.

நமக்கு இதில் ஒரே ஓர் இடையூறு உண்டு. அது நம் கைப்பழக்கம். சப்பாத்திக்கும் பூரிக்கும் பிசைந்தே வளர்ந்த கை, மாவைக் கண்டால் சும்மா இருக்காது. முதல் தடவை நானும் பத்து நிமிடம் அழுத்திப் பிசைந்து, மழமழவென்று உருட்டி வைத்தேன். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. வெந்து வந்த பிறகு கத்தி இறங்க மறுத்தது. உள்ளே துளையே இல்லாமல் இறுகிப்போயிருந்தது. மாவிலும் குறையில்லை, ஓவனிலும் குறையில்லை. பிசைந்ததுதான் பிழை. கீழே எந்தப் படியை மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள்: இந்த மாவைப் பிசையக் கூடாது.

எங்கிருந்து வந்தது?

அயர்லாந்து மழை நாடு. அந்தக் குளிரிலும் ஈரத்திலும் விளைவது மென்மையான கோதுமை. அதில் புரதம் குறைவு. ஈஸ்ட் போட்ட மாவு உப்பி நிற்க வேண்டுமானால், பரோட்டா மாவைப் போல அது இழுபட வேண்டும். அந்த ஊர் மாவில் அந்த இழுவை போதாது. 1830களில் சமையல் சோடா அங்கே புழக்கத்துக்கு வந்தபோது, கிராமத்து வீடுகளுக்கு வழி பிறந்தது. வெண்ணெய் கடைந்தபின் மிஞ்சும் மோர் வீட்டிலேயே இருந்தது. மோரின் புளிப்பு சோடாவோடு சேர்ந்ததும் கரியமில வாயு நுரைத்துக் கிளம்பும். இழுவை இல்லாத மாவையும் அது தூக்கிவிடும்.

அந்த எளிய வீடுகளில் பெரும்பாலும் ஓவன் கிடையாது. பாஸ்டிபிள் என்ற கனத்த வார்ப்பிரும்புச் சட்டிக்குள் மாவை வைத்து, அடுப்புத் தணலின் மேல் ஏற்றி, மூடியின் மேலும் தணலை அள்ளிப் போடுவார்கள். அந்தத் தணல், சதுப்பு நிலத்தில் கட்டிகட்டியாக வெட்டிக் காயவைத்த மட்கரி. கீழிருந்தும் சூடு, மேலிருந்தும் சூடு. இதை முதன்முதலில் படித்தபோது என் பாட்டி கண்முன் வந்து நின்றார். கிறிஸ்துமஸ் கேக் சுடும் நாளில் அவரும் இப்படித்தான் மூடி மேல் சிரட்டைத் தணலைப் பரப்பி, பக்கத்திலேயே விசிறியோடு உட்கார்ந்திருப்பார். அதன் பிறகு இந்த பிரெட் எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

தேவையானவை

மைதா – 300 கிராம்
கோதுமை மாவு – 150 கிராம்
ஆப்பச் சோடா – 1 தேக்கரண்டி, தலைதட்டி (5 கிராம்)
தூள் உப்பு – 1 தேக்கரண்டி, தலைதட்டி
புளித்த தயிர் – 250 கிராம்
தண்ணீர் – 120 மில்லி

சோடா அளவில் கண்திட்டம் உதவாது. கரண்டியில் அள்ளி, கத்தியின் முதுகால் மேலே வழித்துவிட்டுப் போடுங்கள். கொஞ்சம் கூடினாலும் பிரெட் மஞ்சளடித்து, சோப்பு வாடை வீசும்.

அடுத்தது மோர். அயர்லாந்தில் இப்போது கடையில் கிடைக்கும் மோர் கெட்டியாக இருக்கும். வெயிலுக்கு நாம் நீர்க்கக் கரைத்துக் குடிக்கும் மோரை ஊற்றினால் புளிப்பும் போதாது, மாவும் தளர்ந்துபோகும். அதனால் தயிரையும் தண்ணீரையும் சேர்த்து மத்தால் கடைந்துகொள்ளுங்கள். கரண்டியிலிருந்து ஊற்றினால் ரவா தோசை மாவைவிடச் சற்றுக் கெட்டியாக விழ வேண்டும். முந்தின நாள் தோய்த்த புளிப்புத் தயிர்தான் இதற்கு ஏற்றது. இனிப்புத் தயிர் மட்டுமே இருந்தால், கடைந்த மோரில் இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விடுங்கள்.

ஆப்பச் சோடா, சமையல் சோடா, சோடா உப்பு என்று பெயர்கள் பலவானாலும் பொருள் ஒன்றே. பேக்கிங் பவுடர் வேறு. சோடாவுக்குப் பதிலாக அதைப் போடக் கூடாது. அலமாரியில் பல மாதமாகக் கிடக்கும் பொட்டலம் என்றால் ஒரு சோதனை செய்யுங்கள். சின்னக் கண்ணாடித் தம்ளரில் இரண்டு கரண்டி புளித்த தயிரை விட்டு, ஒரு சிட்டிகை சோடாவைத் தூவிக் கலக்குங்கள். சில நொடிகளில் தயிர் முகம் மாறும். ஓரத்தில் குண்டூசித் தலை அளவுக் குமிழிகள் வரும், நடுவில் நுரை கட்டும், தம்ளரைக் காதருகே வைத்தால் மெல்லிய சடசடப்புக் கேட்கும். உங்கள் பிரெட்டைத் தூக்கப்போவது இந்த நுரைதான். எதுவுமே நடக்கவில்லையென்றால் புதுப் பொட்டலம் வாங்குங்கள்.

கோதுமை மாவு ஏன் மூன்றில் ஒரு பங்கு மட்டும்? சப்பாத்திக்கு அரைத்த நம் மாவு நிறையத் தண்ணீர் குடிக்கும். அதை மட்டுமே போட்டுச் சுட்டால் பிரெட் கனத்துவிடும். முதல் தடவைக்கு இந்த அளவே நல்லது. கை பழகிய பிறகு பாதிக்குப் பாதி செய்து பாருங்கள்.

1. முதலில் ஓவன்

மாவைத் தொடும் முன்பே ஓவனைப் போட்டுவிடுங்கள். 220 டிகிரி, மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரியட்டும். 15 நிமிடமாவது காய வேண்டும். மோர் பட்ட கணமே சோடா வேலையைத் தொடங்கிவிடும். ஓவன் காய்வதற்காக மாவு காத்திருந்தால் வாயு வெளியேறி வீணாகும். தட்டில் கொஞ்சம் மைதா தூவித் தயாராக வையுங்கள். கை கழுவ ஒரு பாத்திரத்தில் தண்ணீர், துடைக்க ஒரு துணி ஆகியவையும் பக்கத்தில் இருக்கட்டும்.

2. சலிப்பது

மைதா, உப்பு, சோடா மூன்றையும் சேர்த்து அகலமான பாத்திரத்தில் சலியுங்கள். சோடா கட்டி தட்டியிருந்தால் விரலால் நசுக்கிச் சல்லடையில் விடுங்கள். ஒரு கட்டி தப்பினாலும் வெந்த பிரெட்டில் பழுப்புப் புள்ளியாகத் தெரியும், கடித்தால் கசக்கும். பிறகு கோதுமை மாவைச் சேர்த்துக் கையால் அளைந்து, நடுவில் குழி பறியுங்கள்.

3. மோரை ஊற்றுவது

இங்கேதான் கையை அடக்க வேண்டும். இரண்டு மூன்று மேசைக்கரண்டி மோரை மட்டும் நிறுத்திவைத்து, மீதி முழுவதையும் குழியில் ஒரே தடவையாக ஊற்றுங்கள். ஒரு கை மட்டும் உள்ளே போகட்டும். மற்றொரு கை பாத்திரத்தைப் பிடிக்கட்டும். உள்ளே போகும் கையின் விரல்களை அகல விரித்து, பந்தைப் பிடிப்பதுபோல் வளைத்து விறைப்பாக வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் தொடங்கி வட்டமாகச் சுற்றிச் சுற்றி ஓரத்துக்கு வாருங்கள். ஓரத்து உலர்மாவு தானே ஈரத்தோடு சேர்ந்துவிடும். ஏழெட்டுச் சுற்று போதும். அடியில் இன்னும் உலர்மாவு இருந்தால் நிறுத்திவைத்த மோரைத் தெளியுங்கள்.

இப்போது பாத்திரத்தில் இருப்பதைப் பார்த்தால் உங்களுக்குத் திருப்தி வராது. மேடும் பள்ளமுமாக, கையில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு, பாதி கலந்ததுபோல் இருக்கும். சப்பாத்தி மாவு இப்படி இருந்தால் இன்னும் நாலு குத்துக் குத்துவோம். இதற்கு இதுதான் பதம். கோதுமையின் புரதம் ஈரத்திலும் அழுத்தத்திலும் இழை இழையாகப் பின்னிக்கொள்ளும். பரோட்டாவுக்கு அந்தப் பின்னல் வேண்டும். அடித்து அடித்து அதை வளர்க்கிறோம். இங்கே அது வளர்ந்தால் சோடாவின் மெல்லிய நுரையால் மாவைத் தூக்க முடியாது.

4. உருட்டி, சிலுவைக் கீறல்

கையைக் கழுவித் துடைத்துவிட்டு, மைதா தூவிய மேடையில் மாவைச் சரியுங்கள். அடிப்பக்கம் மேலே வரும்படி ஒரு முறை புரட்டி, ஓரங்களை உள்ளங்கையால் மெல்ல ஒதுக்கி வட்டமாக்குங்கள். தூங்கும் குழந்தையைத் தொடுகிற அளவு அழுத்தம் போதும். உயரம் 4 சென்டிமீட்டர் இருக்கட்டும். தட்டில் வைத்து, மாவில் தோய்த்த கத்தியால் ஓரத்திலிருந்து ஓரம் வரை சிலுவைபோல் கீறுங்கள். பயந்து பயந்து மேலாக வரையாதீர்கள். பாதி ஆழமாவது போக வேண்டும். மாவு தடித்த நடுப்பகுதிக்குச் சூடு போய்ச் சேர இந்தக் கீறல்தான் வழி. ஐரிஷ் மரபில் இதை பிரெட்டை ஆசீர்வதிப்பதாகவும், உள்ளே இருக்கும் தேவதைகளை வெளியே விடுவதாகவும் சொல்வார்கள்.

5. சுடுவது

நடு அடுக்கில் வைத்து 220 டிகிரியில் 15 நிமிடம், பிறகு 200 டிகிரிக்குக் குறைத்து இன்னும் 25 முதல் 30 நிமிடம். சின்ன ஓவனில் மேல் கம்பி மிக அருகில் இருப்பதால் தலை சீக்கிரம் கறுக்கும். பாதி நேரத்தில் அலுமினியத் தாளால் மூடிவிடுங்கள். வெந்ததா என்று அறிய, துணியால் பிடித்துப் பிரெட்டைக் கவிழ்த்து அடியில் விரல் முட்டியால் தட்டுங்கள். காலிப் பானையைத் தட்டியதுபோல் ஓசை வந்தால் வெந்துவிட்டது. மண்ணைத் தட்டியதுபோல் மந்தமாகக் கேட்டால், கவிழ்த்த நிலையிலேயே இன்னும் ஐந்து நிமிடம் உள்ளே வையுங்கள்.

மேலோடு மொறுமொறுப்பாக வேண்டுமானால் கம்பித் தட்டில் ஆறவிடுங்கள். பல் விழுந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் சுத்தமான துணியில் சுற்றி வையுங்கள். ஆவி உள்ளேயே நின்று மேலோடு இளகும். எப்படியானாலும் அரை மணி நேரம் கத்தி வைக்காதீர்கள். சூட்டோடு அறுத்தால் உள்ளே களிபோல் ஒட்டும். வேகவில்லையோ என்று வீணாகக் கவலைப்படுவீர்கள்.

ஓவன் இல்லையா?

தோசைக்கல் போதும், அதுவும் மரபுப்படியே. அயர்லாந்தின் வடக்கே அல்ஸ்டர் பகுதியில் சோடா பிரெட் என்றால் பெரும்பாலும் கல்லில் சுட்டதுதான். மேலே சொன்னதில் பாதி அளவை மைதாவிலேயே கலந்து, ஒன்றரை சென்டிமீட்டர் தடிமனில் வட்டமாகத் தட்டி, நான்காக வெட்டுங்கள். ஒவ்வொரு கால் பங்குக்கும் ஃபார்ல் என்று பெயர். கனமான கல்லை மிதமாகக் காயவைத்து, எண்ணெய் விடாமல் மாவு மட்டும் தூவி, துண்டுகளை அடுக்குங்கள். சிறு தீயில் ஒரு பக்கத்துக்கு ஏழெட்டு நிமிடம். கடைசியில் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து நிறுத்தி, வெட்டிய விளிம்புகளையும் கல்லில் காட்டுங்கள். அங்கேதான் பச்சை மாவு தங்கும். எனக்கு ஓவனில் சுட்டதைவிட இதுவே ஒரு பிடி அதிகம் பிடிக்கும்.

முதல் துண்டு

கடையில் வாங்கும் பால் பிரெட்டை மனத்தில் வைத்துக்கொண்டு இதைக் கடித்தால் ஏமாற்றம்தான். இது பஞ்சு போல் இருக்காது, இனிக்காது. தடித்த மேலோடு, உள்ளே ஈரப்பதமும் உதிரும் தன்மையும், கடைசியில் நாக்கில் ஒரு மோர்ப் புளிப்பு. முதல் துண்டை வேறெதுவும் சேர்க்காமல் உப்பு வெண்ணெய் மட்டும் தடவிச் சாப்பிடுங்கள். வெண்ணெயில் கை சுருக்க வேண்டாம். அங்கே கனமாகத்தான் தடவுவார்கள். பக்கத்தில் பால் விட்ட, கடுப்பமான தேநீர். ஜாமும் தக்காளி சூப்பும் இரண்டாம் துண்டுக்கு இருக்கட்டும்.

அமெரிக்காவில் இதே பெயரில் சர்க்கரை, வெண்ணெய், முட்டை, உலர்திராட்சை எல்லாம் சேர்த்துக் கேக் போலச் செய்வார்கள். மார்ச் 17 அன்று புனித பேட்ரிக் திருநாளுக்கு அங்கே அது நிறைய விற்கும். சுவையானதுதான். ஆனால் முதல் தடவை அதைச் செய்தால் மோரும் மாவும் தருகிற சுவை தெரியாமலே போய்விடும். அயர்லாந்திலும் உலர்திராட்சை போடுவது உண்டு. புள்ளி புள்ளியாகத் தெரிவதால் அதற்குப் புள்ளி நாய் என்றே செல்லப் பெயர். அடுத்த முறைக்கு 100 கிராம் திராட்சையும் ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையும் போதும்.

சரியாக வரவில்லையென்றால்

இறுகி, கனமாக வந்தால் பிசைந்திருக்கிறீர்கள், அல்லது மாவு வெளியே காத்திருந்திருக்கிறது. சோப்பு வாடை வந்தால் சோடா அதிகம், அல்லது தயிரில் புளிப்புப் போதவில்லை. ஓவனில் தட்டையாகப் பரந்துபோனால் மோர் கூடிவிட்டது. அடுத்த முறை 30 மில்லி குறையுங்கள்.

இது அன்றைக்கே தின்ன வேண்டிய பிரெட். மறுநாள் உலர்ந்து உதிரத் தொடங்கும், அப்போது தோசைக்கல்லுக்கு வேலை வரும். விரல் தடிமனில் அறுத்து, இரண்டு பக்கமும் வெண்ணெய் தடவி, ஓரம் சிவக்கும் வரை சிறு தீயில் வாட்டுங்கள். எங்கள் வீட்டில் முதல் நாள் பிரெட்டைத் தொடாமல் ஒதுங்கியிருந்தவர்கள்கூட, அந்த வெண்ணெய் மணம் கூடத்துக்கு வந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்துவிட்டார்கள்.