ராகிக் கூழுக்கு எந்தப் பாத்திரம்? வழக்கமாக நடக்கும் தவறுகள்

பென்னாகரம் பக்கம் எங்கள் வீட்டில் சித்திரை பிறந்துவிட்டால் காலையில் கூழ்தான். 2023 முதல் தர்மபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ ராகியும் கிடைப்பதால் பெரிய செலவும் இல்லை. இதற்கென்று புதிதாகப் பாத்திரம் வாங்கவும் வேண்டாம். ஆனால் அடுப்படியில் இருப்பதில் எதைக் கையில் எடுக்கிறோம் என்பது முக்கியம்.

களி கிண்டுகிற அலுமினியக் குண்டானிலேயே மாவைக் கரைத்து மூடி வைப்பதைத்தான் அதிகம் பார்க்கிறேன். களிக்கு அது சரி. கிண்டி இறக்கி, உருண்டை பிடித்து, சூடாகவே சாப்பிட்டு முடித்துவிடுகிறோம். கூழ் அப்படியில்லை. கரைத்த மாவு ஓர் இரவு, காய்ச்சிய பிறகு இன்னோர் இரவு என்று புளித்துக்கொண்டே இருக்கும். அதில் ஊறும் லாக்டிக் அமிலம் அலுமினியத்தை அரிக்கும். காலையில் மாவை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டுக் குண்டானின் உள்பக்கத்தைப் பாருங்கள். மாவு நின்ற மட்டத்தில் ஒரு கோடு, அதற்குக் கீழே பளபளப்பு போய் மங்கியிருக்கும். போன பளபளப்பு கூழில்தான் இருக்கிறது.

ஈயம் பூசாத பித்தளை இதைவிட மோசம். புளிப்பில் செம்பு கரைந்தால் குமட்டல், வாந்தி வரை கொண்டுபோய் விடும். பூசிய ஈயம் தேய்ந்து மஞ்சள் தெரிந்தாலே அதைத் தொடாதீர்கள்.

மண்பானைதான் என் முதல் தேர்வு. இல்லையென்றால் எவர்சில்வர். புதுப்பானையை அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றி, தினமும் மாற்றி, மூன்று நாளாவது பழக்க வேண்டும். அவசரப்பட்டால் கூழில் மண்வாடை அடிக்கும். சோப்பு மட்டும் வேண்டாம், பானை அதை உறிஞ்சிக்கொள்ளும். தேங்காய் நார், வெந்நீர், அப்புறம் நல்ல வெயில் போதும்.

இதே ராகியைச் சிக்கிமில் வேகவைத்து, மர்ச்சா என்ற மாவுக்கட்டியைச் சேர்த்து பீர் போன்ற பானம் செய்கிறார்கள். அங்கே ஈஸ்ட்டுக்கு முக்கிய வேலை, நம் கூழில் பாக்டீரியாவுக்கு. ஆனால் இங்கேயும் கரியமில வாயு வரும். அதை மறந்து ஒருமுறை, புளித்த கூழைத் திருகு மூடி போட்ட போசியில் அடைத்து ஓசூருக்கு எடுத்துப் போனேன். கோடை மதியம், மூன்று மணி நேர பஸ். தங்கச்சி வீட்டில் மூடியைத் திருகியதும் புஸ்ஸென்று பீறி அவள் புடவையெல்லாம் கூழ். நல்லவேளை, முகத்தில் படவில்லை. பானை வாயில் வெள்ளைத் துணி கட்டினால் போதும். விளிம்பு வரை ஊற்றாமல் கால்வாசி இடம் விடுங்கள், மாவு பொங்கும்.

நேரமும் ஊருக்கு ஊர் மாறும். தர்மபுரி வெயிலில் ராத்திரி கரைத்தால் விடிவதற்குள் புளித்துவிடும். மார்கழியில் தேன்கனிக்கோட்டைப் பக்கம் மறுநாள் மதியம்கூட ஆகலாம், அடுப்போரம் வையுங்கள். மேலே கறுப்பாகவோ ரோஸ் நிறமாகவோ பூஞ்சை தெரிந்தால் வழித்துவிட்டுக் குடிக்க வேண்டாம், மொத்தமும் கொட்டிவிடுங்கள்.

காய்ச்சும்போது மட்டும் மெல்லிய எவர்சில்வர் கைகொடுக்காது, அடிபிடிக்கும். கனமான குண்டானிலேயே நொய்யை வேகவைத்து, புளித்த மாவை ஊற்றிக் கிண்டலாம். வெந்து இறக்கியதும் தாமதிக்காமல் பானைக்கு மாற்றிவிடுங்கள். உப்பு அப்போது வேண்டாம், மறுநாள் மோர் ஊற்றிக் கரைக்கும்போது போட்டுக்கொள்ளலாம்.