முகவாதம் எந்தத் தரம்? கண்ணை வைத்துக் கண்டுபிடியுங்கள்

முகம் கோணி வருகிறவரிடம் முதலில் புருவத்தை உயர்த்தச் சொல்லுங்கள். வாய் கோணியிருந்தும் நெற்றியில் இரு பக்கமும் சுருக்கம் விழுந்தால் கோளாறு மூளையில், பக்கவாதமாக இருக்கலாம். கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை இருந்தாலும் அப்படியே. பாதிப்பு எவ்வளவு என்று தரம் போட்டு நேரத்தைக் கடத்தாமல் ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்பிவிடுங்கள். பாதித்த பக்க நெற்றியும் அசையாவிட்டால் பெரும்பாலும் முக நரம்புக் கோளாறுதான். காதில் கொப்புளம் இருக்கிறதா என்றும் பாருங்கள்; இருந்தால் அது ஹெர்பிஸ் ஜாஸ்டர் (அக்கி).

நிமிர்ந்து உட்காரவைத்து, வெளிச்சம் நேர் எதிரே விழும்படி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சும்மா இருக்கும் முகம். பிறகு புருவம் உயர்த்துவது, கண்ணை மெதுவாக மூடுவது, இறுக்கி மூடுவது, பல் தெரியச் சிரிப்பது, உதடு குவிப்பது. செல்போனில் வீடியோ எடுத்துவைத்தால் அடுத்த முறை ஒப்பிடலாம்.

ஏமாறும் இடங்கள் இரண்டு. சிரிக்கும்போது நல்ல பக்கத் தசை உதட்டின் நடுப்பகுதியை இழுக்கும்; செத்த பக்கமும் அசைவதுபோலத் தெரியும். நல்ல பக்கக் கன்னத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடி பாருங்கள். அடுத்தது கண். கீழே பார்த்தாலே மேல் இமை தானாக இறங்கும். அது மூன்றாம் மூளை நரம்பு இயக்கும் இமைத் தசை தளர்வதால் வருவது, முக நரம்பின் வேலை அல்ல. நேரே பார்த்தபடி மூடச் சொல்லி, இடைவெளி எத்தனை மி.மீ. என்று எழுதுங்கள்.

1985இல் வந்த ஹவுஸ்–பிராக்மன் அளவுகோலில் ஆறு தரங்கள். 1 இயல்பு. உற்றுப் பார்த்தால்தான் குறை தெரியும், லேசான முயற்சியிலேயே கண் மூடும் என்றால் 2. குறை பார்த்ததும் தெரிகிறது, ஆனால் முயன்றால் கண் முழுதாக மூடுகிறது, அது 3. முயன்றும் மூடவில்லை, நெற்றி அசையவில்லை, ஆனால் சும்மா இருக்கும்போது முகம் சமமாக இருக்கிறது என்றால் 4. சும்மா இருக்கும்போதே கோணலாக இருந்து அசைவு மிகமிகக் கொஞ்சமே தெரிந்தால் 5. எதுவுமே அசையாவிட்டால் 6. அதிகம் தவறுவது 3க்கும் 4க்கும் நடுவில்தான். அங்கே தீர்ப்பு சொல்வது கண். நெற்றி ஒரு தரமும் வாய் ஒரு தரமும் காட்டினால் இரண்டையும் தனித்தனியே குறியுங்கள்.

தேறுவதைத் தொடர்ந்து பார்க்க சன்னிபுரூக் அளவுகோலே மேல். அதற்கென உள்ள ஐந்து அசைவுகளுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டி 4ஆல் பெருக்க வேண்டும். ஓய்வுநிலைக் கோணலைக் கூட்டி 5ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். சிரித்தால் கண் சுருங்குவது போன்ற சேர்ந்தசைவுக்கு அசைவு ஒன்றுக்கு 0 முதல் 3 வரை, அதையும் கழித்துவிடுங்கள். அசைவு 12, கோணல் 3, சேர்ந்தசைவு 2 என்றால் 48 − 15 − 2 = 31. நூறு என்பது இயல்பு.

பெல்ஸ் பால்ஸி, அதாவது வேறு காரணம் தெரியாமல் திடீரென வரும் முகவாதம், முதல் 72 மணி நேரத்துக்குள் கூடிக்கொண்டே போகும். இன்று 3 என்பது நாளை மறுநாள் 5 ஆகலாம். தேதியோடு நேரத்தையும் எழுதுங்கள். ஸ்டீராய்டு தொடங்கவேண்டியதும் அதே 72 மணி நேரத்துக்குள்தான். தரம் முற்றட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சர்க்கரை நோயாளி என்றால் சர்க்கரை அளவைக் கவனித்துக் கொடுக்க வேண்டும். கண் மூடாதவருக்குப் பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, இரவில் கண் களிம்பு போட்டு இமையை டேப்பால் ஒட்டவேண்டும். கண் சிவந்து வலித்தால் அன்றைக்கே கண் மருத்துவர் பார்த்தாக வேண்டும்.